ஒரு மூட்டை குட்டைக் குழாய்

"திருப்பி அனுப்பும் சரக்கு: பிராக்கெட் குழாய், மூட்டை ஒன்று. அளவு சரியில்லை. பார்த்து மாற்றித் தரவும்."

நீல மையில் சாய்வான கையெழுத்தில் இருக்கும் இந்தத் துண்டுச் சீட்டு என்னிடம் வந்து சேர்ந்தது தற்செயல். அடியில் 1997 ஐப்பசி என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. நாள் எழுதிய இடத்தில் எண்ணெய் ஊறி எழுத்து கரைந்துவிட்டது. அந்த ஆண்டு ஆயுத பூஜை புரட்டாசியின் பின்பாதியிலும் தீபாவளி ஐப்பசி நடுவிலும் வந்தன. மூட்டை திரும்பிய அன்று எங்களுக்குத் தீபாவளித் துணி எடுத்திருக்கவில்லை. அதனால் ஐப்பசியின் தொடக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் நெருங்க என்னிடம் ஆதாரமில்லை.

நாற்பதைத் தொட்டுவிட்ட, அல்லது தாண்டிவிட்டு வெளியே சொல்லாத உங்களுக்குச் சைக்கிளைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பாருக்கு அடியில் காலை நுழைத்து ஓட்டக் கற்றவர்கள் நாம். ஆனால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு அடிவயிற்றைப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. பிரேமின் குழாய்கள் எல்லாம் வந்து கூடும் இடத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குட்டைக் குழாய் குறுக்காகக் கிடக்கும். பெடல் அச்சு அதற்குள்தான் ஓடுகிறது. அதற்குப் பெயர் பிராக்கெட் குழாய். அந்த வருடம் எங்கள் வீட்டுச் சோறு அந்தக் குழாயிலிருந்துதான் வந்தது.

பெரம்பலூர் அப்போது திருச்சியிலிருந்து பிரிந்து மாவட்டமாகி இரண்டு வருடம். துறையூர் ரோட்டில் முன்பக்கம் லேத் பட்டறை, பின்பக்கம் வீடு. நடுவில் கதவு இல்லை, ஒரு சாக்குப் படுதா மட்டும். பட்டறையில் சுட்ட இரும்பு வாசனை, சமையல்கட்டில் தாளிப்பு வாசனை. இரண்டும் படுதாவில் வந்து கலந்துகொள்ளும். எங்கள் பள்ளிச் சீருடையிலிருந்து சோற்றுப் பானை வரை மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருள் குத்தாத பாதம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

அப்பாதான் பட்டறை முதலாளி. கேஸ் வெல்டிங்கும் வெளி வேலைகளும் அவருடையவை. லேத்தில் நின்றவர் மாமா, அம்மாவின் தம்பி. ஊர் பூலாம்பாடி. எங்களோடே தங்கியிருந்தார். வெட்டிய குழாய்களை அளவு பார்த்துப் பிசிறு தட்டி மூட்டை கட்டுவது அத்தை, அப்பாவின் தங்கை. அம்மா சமையல்கட்டிலிருந்து எல்லோரையும் கவனித்துக்கொண்டிருப்பாள். நான் ஆறாம் வகுப்பு. பள்ளி விட்டதும் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து குழாய்களைத் துணியால் துடைப்பது என் வேலை.

மாமாவுக்கும் அத்தைக்கும் வரும் தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். பெண் எடுத்த வீட்டுக்கே பெண் கொடுப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. லேத்து ஓடும் சத்தத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள முடியாது. பேசாமலே ஒரு குழாய் அவர் கையிலிருந்து அவள் கைக்கு வரும். அது சூடாக இருக்கும் என்று தெரிந்தும் அவள் துணி போடாமல் வாங்குவாள். இதை நான் அப்போதே கவனித்தேன் என்று சொல்லமாட்டேன். பிற்பாடு நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

எங்கள் சரக்கை வாங்கியவர் லப்பைக்குடிகாட்டு பாய். தம்பிகள் இருவர் துபாயில். இவர் ஊரிலேயே கொட்டகை போட்டுப் பால்காரர்களுக்கும் விறகு வண்டிக்காரர்களுக்கும் ஏற்ற கனமான பிரேம்களைக் கட்டினார். அவற்றை அரியலூரில் சிமெண்ட் ஆலை ஆட்கள் விரும்பி வாங்கினார்கள். பிரேம் கட்ட அவரிடம் ஓர் இரும்பு அச்சு இருந்தது. அதன் இரண்டு முளைகளுக்கு நடுவே எங்கள் குழாய் இறுக்கமாக உட்கார வேண்டும். குட்டையானால் ஆடும். ஆடினால் பிரேம் கோணிக்கொள்ளும். கோணிய பிரேமில் செயின் நிற்காது. அதற்கு முன்னால் இல்லாத அளவுக்குப் பெரிய ஆர்டரைப் பாய் அந்தப் புரட்டாசியில்தான் கொடுத்தார்.

சந்தேகம் ஆரம்பித்தது மூட்டையில் அல்ல, புரட்டாசிச் சனிக்கிழமைகளில்.

மாமா அந்த மாதச் சனிக்கிழமைகளில் விடிந்ததும் குளித்து, நாமம் இட்டுக்கொண்டு, அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சிப் பெருமாள் கோவிலுக்குப் பஸ் ஏறுவார். அதற்கு முந்தைய வருடங்களில் ஒரு சனிக்கிழமை போனதுண்டு. அந்த வருடம் ஒன்று விடவில்லை. மத்தியானம் திரும்ப வேண்டியவர் பொழுது சாய வருவார். கையில் துளசி இருக்கும்.

"பெருமாளு இவனப் பிடிச்சு வச்சுக்கிறாரா?" என்பார் அப்பா.

"கூட்டம்ங்க. புரட்டாசி சனிக்கிழமை, சும்மாவா?" என்பாள் அம்மா.

"கோயில்ல நின்னவன் சட்டையில எண்ண வாசன ஏன் வருது?"

"நம்ம ஊட்டு நெய்ச்சோத்துலயே எண்ண வாசனதான் வருது."

அம்மா சிரித்துக்கொண்டு சொன்னாள். ஆனால் அவளிடமும் ஒன்று இருந்திருக்கிறது. 2006ல் ஒரு பேச்சுவாக்கில்தான் என்னிடம் சொன்னாள். மாமாவின் கோவில் சட்டையைத் துவைக்கும்போது மேல்பையில் பித்தளைச் சுருள் ஒன்று கிடைத்ததாம். லேத்தில் சீவி விழுந்த, தங்கம் போல மின்னும் சுருள். எங்கள் பட்டறையில் பித்தளையை உருக்கி ஒட்டுவோம். சீவியது கிடையாது. அம்மா அதைச் சாக்கடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். தம்பியிடமும் கேட்கவில்லை. "கேட்டா பதில் சொல்லுவானே, அதான் கேக்கல" என்றாள்.

ஆயுத பூஜை வந்தது. மற்ற வருடங்களில் அத்தைதான் மிஷின்களுக்குப் பொட்டு வைப்பாள். அந்த வருடம் அப்பா கிண்ணத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். பெரிய ஆர்டர், ஓர் இடமும் விட்டுப்போகக் கூடாது. கடையில் வாங்கிய மஞ்சள் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மோட்டார், பெல்ட் சக்கரம், சுத்தியல், ஸ்பானர், வெல்டிங் சிலிண்டர் என்று வைத்துக்கொண்டே போனார். லேத்தின் வாய்க்குள் கையை விட்டு உள்ளேயும் ஒன்று வைத்தார்.

மாமா சிரித்தார். "மச்சான், லேத்துக்குத் தொண்டையில எல்லாம் பொட்டு வைக்கிறீங்க. விக்கல் எடுக்கப் போவுது."

"சிரிக்காதடா. சாமி காரியம்."

அத்தையின் கேஜுக்கும் வைத்தார். கேஜ் என்பது லாடம் போல வளைந்த ஓர் இரும்புத் துண்டு. அதன் இரண்டு தாடைகளுக்கு நடுவே குழாய் பிடித்தாற்போல நுழைந்தால் அளவு சரி. நுழையாவிட்டால் நீளம். லொடலொடத்தால் குட்டை.

பூஜைப் பொட்டைத் துணி போட்டுத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். துடைத்தால் தொழிலைத் துடைத்த மாதிரி. விஜயதசமியன்று பொட்டோடு மிஷினை ஓட்டினோம். அடுத்த நாட்களில் வெட்டியதெல்லாம் மூட்டையாகி லப்பைக்குடிகாடு போனது. பிறகு ஒரு மூட்டை திரும்பியது.

பாய் தானே, அந்தத் துண்டுச் சீட்டோடு, வேனில் கொண்டுவந்தார். வாசலில் மூட்டையைக் கவிழ்த்தபோது குழாய்கள் உருண்டு ரோட்டுவரை ஓடின.

"மேஸ்திரி, அல்லாவுக்காவ ஒரு வார்த்த சொல்லுங்க. இது குழாயா, இல்ல சந்தையில வாங்குன வாழக்காயா? ஒன்னு அளவா இருக்கு, ஒன்னு குட்டையா இருக்கு. எம் பசங்க ஒட்டுன பிரேமெல்லாம் கோணிக்கிட்டு நிக்குது."

அப்பா கேஜை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். சில குழாய்கள் கச்சிதமாக நுழைந்தன. பல குழாய்கள் கேஜுக்குள் லொடலொடவென்று ஆடின. நகக்கனம் குறை.

அத்தை கிட்டே வந்தாள். "அண்ணே, ஒவ்வொன்னா போட்டுப் பாத்துத்தான் கட்டுனேன். ஒன்னுகூட ஆடல."

"இப்ப ஆடுதே!"

பாய் நிலைமையைத் தணிக்க நினைத்துத்தான் அடுத்ததைச் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். "வேல பளுவா இருக்கும். புரட்டாசியில உங்க மச்சினனக்கூட அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேத் பட்டறையில பாத்தேன். நம்ம வேலைதான் அங்க குடுத்துச் செய்றீங்களோன்னு நெனச்சேன்."

லேத்து மட்டும் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. மாமா போய் அதை நிறுத்தினார்.

பாய் புறப்பட்டார். அப்பா கச்சிதமான குழாய்களை ஒரு பக்கமும் குட்டைகளை ஒரு பக்கமும் குவித்தார். "மிஷினு தப்பு பண்ணா எல்லாத்துலயும் பண்ணும். ஒன்ன விட்டு ஒன்னு பண்றது மனுசன்தான்."

"மச்சான், நான் வெட்டுனேன். லேத்துக்குள்ள இருக்குற முட்டு வரைக்கும் குழாயத் தள்ளித்தான் வெட்டுனேன்."

"அரியலூர்க்காரனுக்கு இந்த ஆர்டர் வேணும். நம்ம சரக்கு கெட்டா அவனுக்குப் போவும். அங்க உனக்கு என்ன வேல?"

"தெரிஞ்சவன் பட்டறை. பெரிய லேத்து வந்திருக்குன்னான். போயி பாத்தேன்."

"எல்லா சனிக்கிழமையும் பாத்தியா?"

மாமா பதில் சொல்லவில்லை. நம் வயதில் யோசித்தால், பதில் இல்லாததற்குக் குற்றம் தவிர வேறு பல காரணங்கள் இருக்க முடியும் என்று தெரிகிறது. அப்பாவுக்கு அன்று ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அவர் அத்தையின் பக்கம் திரும்பினார்.

"அளவு பாத்தது நீ. கட்டிக்கப் போறவன்னு மூடி மறைச்சியா?"

அத்தை கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். மாமா உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா படுதாவைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, சாப்பிட்டுப் போடா" என்றாள். அவர் நிற்கவில்லை. தையில் கல்யாணம் இல்லை என்று அப்பா அன்றே சொல்லிவிட்டார்.

அதன் பிறகு வீடு ஒரு மாதிரியாகிவிட்டது. அப்பா கேஜை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியைத் தன் இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொண்டார். மாமா விட்டுப்போன படுக்கைப் பாயை உதறிப் பார்த்தார், தலையணை உறையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு சீப்பும் பஸ் டிக்கெட்டுகளும் கிடைத்தன. டிக்கெட்டுகளை வெளிச்சத்தில் பிடித்து ஊர்ப் பெயரைப் படிக்கப் பார்த்தார். அம்மா பூலாம்பாடிக்குத் தகவல் அனுப்புகிறாளா என்று தபால்காரரிடமே விசாரித்தார். என்னைக் கூப்பிட்டு, "மாமா கொண்டு போன பையி கனமா இருந்துச்சா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. ஆனால் நானும் மறைக்கிறேன் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. லேத்தில் அவரே நின்றார். பழக்கம் விட்டுப்போனதால் மெதுவாகத்தான் வெட்ட முடிந்தது. பாயின் ஆர்டர் தள்ளிக்கொண்டே போனது.

தீபாவளி நெருங்கிய ஒரு மத்தியானம் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். பெல்ட்டும் சாவியும் கொடியில் தொங்கின. அத்தை கேட்காமலே அம்மா சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தாள். இருவரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள் போல.

"அண்ணி, மூட்டை கட்டுறப்ப ஒரு குழாயி கேஜுக்குள்ள போவல. நீளமா இருக்குன்னு நெனச்சு உள்ளங்கையால அடிச்சு நுழைச்சேன். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் சரியாப் போச்சு. நீளமா இருந்தத அடிச்சா குட்டையாவுமா? ராத்திரி பூரா இதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

கேஜைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். தாடையின் உள்மூலையில் மஞ்சளாக ஒரு பொருக்கு. நகத்தால் கீறி முகர்ந்தாள். பிறகு என் மூக்கருகில் நீட்டினாள். எண்ணெய்க்கு அடியில் மெல்லிய சந்தன வாசனை.

அவள் மாடத்திலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்துத் தாடையின் உட்பக்கம் ஒரு பொட்டு வைத்து வெயிலில் காயவிட்டாள். அப்பா தலை துவட்டிக்கொண்டு வந்தார். பூட்டு திறந்து கிடப்பதைப் பார்த்ததும் நின்றார்.

"யாரு தொறந்தது?"

"நான்தாண்ணே. கோவப்படறதுக்கு முன்னால இதப் பாருங்க." திரும்பி வந்த குட்டைக் குழாய் ஒன்றை எடுத்துக் கேஜில் நுழைத்தாள். அது ஆடவில்லை. கச்சிதமாக உட்கார்ந்தது. பொட்டைச் சுரண்டிவிட்டு மறுபடி நுழைத்தாள். லொடலொடத்தது.

"லேத்துக்குள்ளயும் பாருங்க."

அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் லேத்தின் வாய்க்குள் அடித்தார். வெட்ட வேண்டிய குழாயை உள்ளே தள்ளினால் ஒரு முட்டில் இடித்து நிற்கும். வெளியே நீட்டுகிற பகுதியைக் கத்தி சீவும். முட்டில் சந்தனம் கெட்டியாகக் காய்ந்திருந்தால் குழாய் அந்த அளவு கூடுதலாக வெளியே நீட்டும், அந்த அளவு கூடுதலாகச் சீவப்படும். அதே கனத்துப் பொட்டு கேஜிலும் இருந்ததால் குட்டைக் குழாய் அத்தைக்குச் சரியாகவே தெரிந்திருக்கிறது. முட்டில் இருந்தது உதிர்ந்த பிறகு லேத்து ஒழுங்காக வெட்ட ஆரம்பித்தது. அப்போதுதான் சரியான குழாய் ஒன்று கேஜில் நுழைய மறுத்தது. அத்தை அடித்த அடியில் கேஜின் பொட்டும் உதிர்ந்துவிட்டது. மூட்டை திரும்பி வந்தபோது இரண்டு இடத்திலும் பார்க்கிற மாதிரி எதுவும் மிச்சமில்லை.

முட்டின் ஓரத்தில் மஞ்சள் வளையம் இருந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். அப்பா டார்ச்சை அணைக்கவில்லை.

"அப்ப சாமி கெடுத்துடுச்சுங்கிறியா?"

"சாமிய ஏன் இழுக்குறீங்க? வச்சது நீங்க."

அம்மா படுதாவுக்குப் பின்னால் பாத்திரத்தை உரக்க வைத்தாள். அப்பா மறுபடி மறுபடி உள்ளே பார்த்தார். கடைசியில் டார்ச்சை அணைத்து அத்தையின் கையில் கொடுத்தார்.

"சரி. இந்தத் தப்ப அவன் பண்ணல. சனிக்கிழமை சனிக்கிழமை அரியலூர்ல என்ன பண்ணான்? அதுக்கு எந்தப் பொட்ட வச்சுக் காட்டுவ?"

"அத நான் கட்டிக்கிட்டு அவருகிட்டயே கேட்டுக்கிறேன்."

தங்கை தன்னை எதிர்த்துப் பேசி அப்பா அதற்கு முன் கேட்டதில்லை. அவர் மறுப்புச் சொல்லவும் இல்லை, சம்மதம் சொல்லவும் இல்லை. மறுநாள் லப்பைக்குடிகாடு போய் வந்தார். "எங்க பக்கத்துத் தப்புதான் பாய்" என்று மட்டும் சொன்னதாகப் பாய் பிற்பாடு அம்மாவிடம் சொன்னார். என்ன தப்பு என்று அவரும் கேட்கவில்லை. அம்மா பூலாம்பாடிக்குப் போய்த் தம்பியைச் சமாதானப்படுத்தினாள். அங்கே என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. தையில் கல்யாணம் நடந்தது. அப்பா மாலை எடுத்துக் கொடுத்தார், மாமாவின் முகத்தைப் பார்க்காமல். அடுத்த வருடத்திலிருந்து பொட்டெல்லாம் மிஷின்களின் வெளிப்புறத்தில் மட்டும், அதுவும் சின்னதாக. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் அப்பாவைத் தவறாக நினைத்த மனிதர் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மாமா எங்கள் பட்டறைக்குத் திரும்பவில்லை. கல்யாணமான அடுத்த மாதமே, மாசியில், அரியலூரில் ஜெயங்கொண்டம் ரோட்டோரம் சொந்த லேத்தோடு ஒரு கொட்டகையில் தொழிலைத் தொடங்கிவிட்டார். கொட்டகையும் மிஷினும் கரண்டும் ஒரு மாதத்தில் கூடி வருமா? அப்பா அன்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பொட்டு பொட்டுன்னாளே. பாத்தியா?" அம்மா படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பித்தளைச் சுருள் அப்போது அவள் மனதில் இருந்திருக்கும்.

புரட்டாசியிலேயே மாமா தனியாகப் போகத் திட்டமிட்டிருந்தாரா, அல்லது துரோகிப் பட்டம் கட்டியதால்தான் போனாரா? இரண்டுக்கும் இடையே வேறுபாடு பெரிது. முதலாவது உண்மையானால், குழாய் விஷயத்தில் தவறிய அப்பாவின் மூக்கு ஆள் விஷயத்தில் தவறவில்லை. இரண்டாவது உண்மையானால், அவர் சந்தேகப்பட்டதையே அவர்தான் உண்டாக்கினார். கொட்டகைக்குச் சொந்தக்காரர் குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. சாலையை அகலப்படுத்தியபோது கொட்டகையும் போனது. மாமாவிடம் கேட்டால் சிரிப்பார். அவருடைய சிரிப்பை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

2007ல் அரியலூர் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமானது. அந்த வாரம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா வெளியே போயிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"கட்டிக்கிட்டு கேட்டுக்கிறேன்னு சொன்னியே அத்த, கேட்டியா?"

"எத?"

"புரட்டாசி சனிக்கிழமையில இங்க என்ன பண்ணாருன்னு."

கத்தி நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"கேக்கல புள்ள. ஒரு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டுட்டா பதில் சரியான்னு பாக்கணும். அப்புறம் தெனம் எதையாவது பாத்துக்கிட்டே இருக்கணும். உங்கப்பா பட்ட பாடு எனக்கு எதுக்கு?"

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாமா அரியலூர்க் கொட்டகையைப் பேசி முடித்தது 1997 ஆயுத பூஜைக்கு முன்பா, பின்பா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.